நார்வேக்குப் போக எத்தனை வழி?

(நம் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



"நீங்கள் நார்வே போய்வந்ததைப் பற்றி அரை மணி பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது நான் ஒரு நிபந்தனை போட்டேன். பார்த்த இடங்களைப் பற்றிப் பேசமாட்டேன், போன வழியைப் பற்றித்தான் பேசுவேன் என்றேன். அங்கே போய் இறங்கிவிட்டால் பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்வார்கள். போய்ச் சேர்வதுதான் நம் பாடு. அமெரிக்கா என்றால் இந்த ஹாலிலேயே வழி சொல்ல முப்பது பேர் இருக்கிறார்கள். நார்வே, ஸ்வீடன், டென்மார்க் என்றால் ஆள் குறைவு. ஆனால் நம் குழந்தைகள் இப்போது அங்கேயும் வேலைக்குப் போகிறார்கள். நாமும் பின்னாலேயே போகவேண்டியிருக்கிறது.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை முட்டாள்தனமாகப் போனேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2016-ல் ஆஸ்லோவில் பேரனுக்கு ஆண்டு நிறைவு. ஹோமம் என்று பெரிதாக அக்னி வளர்க்க முடியாது, கூரையில் இருக்கும் புகை அலாரம் கூவிவிடும். ஆகவே சின்னதாக ஒரு ஆயுஷ்ஹோமம்; நாக்பூரிலிருந்து நம் வாத்தியார் ஸ்கைப்பில் மந்திரம் சொல்ல, மாப்பிள்ளை அங்கே செய்வதாக ஏற்பாடு. நாங்கள் முதல் நாள் போய்ச் சேரவேண்டும். டிக்கெட் வாங்கும் பொறுப்பு என்னுடையது. முப்பத்தாறு வருஷம் மத்திய அரசில் டெண்டர் பார்த்த கை அல்லவா, மிகக் குறைந்த விலைப்புள்ளியைத் தேடிற்று. மும்பையிலிருந்து ஒரு பெரிய ஐரோப்பிய நகரம் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ஆஸ்லோவுக்கு ஒரு மலிவு விமானக் கம்பெனியில் தனியாக இன்னொரு டிக்கெட் என்று வாங்கினேன். ஒரே டிக்கெட்டாக வாங்குவதைவிட இரண்டு பேருக்கும் சேர்த்து 11,500 ரூபாய் லாபம். நடுவில் மூன்று மணி பத்து நிமிஷ இடைவெளி. போதும் என்று நினைத்தேன்.

முதல் விமானம் ஒரு மணி நாற்பது நிமிஷம் தாமதம். டிக்கெட் தனித்தனி என்பதால் பெட்டிகள் தாமாக அடுத்த விமானத்துக்குப் போகாது. குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, பஸ் பிடித்து வேறு டெர்மினலுக்குப் போய் மறுபடி பெட்டியைக் கொடுக்கவேண்டும். என் மனைவிக்கு முழங்கால் வலி. சக்கர நாற்காலி முதல் விமானத்துக்கு மட்டும்தான் கேட்டிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குப் பன்னிரண்டு நிமிஷம் முன்னால் கவுண்டரை மூடிவிட்டார்கள். அங்கிருந்த பெண்மணி மரியாதையாகவே பேசினாள். "உங்கள் முதல் விமானத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்றாள். அவள் சொன்னது முழுக்க நியாயம். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் மத்தியானம்தான் இடம் கிடைத்தது. ஓட்டல், புது டிக்கெட் எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய். நாங்கள் ஆஸ்லோ வீட்டு வாசலில் நின்றபோது சாயங்காலம் ஆகிவிட்டது. வாத்தியார் ஸ்கைப்பை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. பெண் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குளிர்பெட்டியிலிருந்து எங்களுக்கென்று எடுத்துவைத்திருந்த வடையைச் சூடு பண்ணிக் கொடுத்தாள். என் மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுதான் முதலும் கடைசியும். இனிமேல் நான் எங்கேயும் வரமாட்டேன்" என்றாள். அதை அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குக் கவலை இருந்திருக்காது. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

2019-ல் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். இவள் அசைவதாயில்லை. "குழந்தையைப் பார்க்க ஆசைதான், அந்த ஓட்டத்தை நினைத்தால் கால் இப்போதே வலிக்கிறது" என்றாள். ஓடாமல் போக ஒரு வழி கண்டுபிடிப்பதாகச் சொன்னேன். அதிலிருந்துதான் நான் படங்களை விரித்து உட்கார்ந்தேன்.

நான் பௌதிகம் படித்தவன். பேரனுக்கு வாங்கிய உலக உருண்டையை எடுத்து, டில்லிக்கும் ஆஸ்லோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தேன். தட்டையான படத்தில் ஸ்கேல் வைத்தால் கோடு காஸ்பியன் கடல் பக்கமாகப் போகும். உருண்டையில் நூல் அப்படிப் போகாது. நிமிர்ந்து வடக்கே ஏறி, பாகிஸ்தான், மத்திய ஆசியா, கஜகஸ்தான், மாஸ்கோ பக்கம் என்று போய் ஆஸ்லோவில் இறங்கும். அதுதான் மிகக் குறைந்த தூரம், சுமார் 6,000 கிலோமீட்டர். ஸ்காண்டிநேவியர்களுக்கு இந்த நூல் கணக்கு கைவந்த கலை. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் சேர்ந்து நடத்திய எஸ்.ஏ.எஸ். கம்பெனி, 1954 நவம்பரிலேயே கோபன்ஹேகனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வடதுருவப் பகுதி வழியாக விமானம் விட்டது. 1957-ல் டோக்கியோவுக்கும் அப்படியே.

நூல் போகும் வழி எல்லா நாளும் திறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. 2019 பிப்ரவரி முதல் ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியிருந்தது. டில்லியிலிருந்து ஐரோப்பா போன விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் மேல் சுற்றிக்கொண்டு போயின. நாங்கள் கிளம்பவேண்டியது மே மாதம். ஆகவே டில்லியை விட்டு மும்பையைத் தேர்ந்தெடுத்தேன். 2022-ல் உக்ரைன் யுத்தம் வந்ததும் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு ரஷ்ய வான்வழி மூடப்பட்டது. ஆசியாவுக்குக் குறுக்கு வழி என்பதையே பெருமையாகச் சொல்லிவந்த ஹெல்சிங்கி விமானங்கள்கூடச் சுற்றவேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் மறுபடியும் வழியை மூடியது. அதே ஜூனில் ஓர் இரவு கத்தார் வான்வழி சில மணி நேரம் மூடி, தோஹாவில் மாறவேண்டியவர்கள் திண்டாடினார்கள். டில்லி, மும்பையிலிருந்து கோபன்ஹேகனுக்கு நேர் விமானம் விடுவதும் நிறுத்துவதுமாக இருக்கிறார்கள். ஆகவே எந்தக் கம்பெனி நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். டிக்கெட் வாங்கும் வாரத்தில் எது பறக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தரை வழி? நம் கிருஷ்ணமூர்த்தி மாமா, "முழுக்கத் தரையிலேயே போகமுடியாதா?" என்று கேட்டார். நாங்கள் காலேஜில் படித்த காலத்தில் முடிந்தது. 1957-லேயே லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பஸ் வந்திருக்கிறது. எழுபதுகளில் ஐரோப்பியப் பையன்கள் பழைய வேனில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து இறங்கியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். 1979-ல் ஈரானில் புரட்சி, அதே வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அதோடு அந்த வழி போயிற்று. பம்பாயிலிருந்து ஐரோப்பாவுக்கு வாடிக்கையாகப் போய்வந்த பயணிகள் கப்பல்களும் நின்று பல காலம் ஆகிறது. ஆக, இந்தியாவிலிருந்து ஐரோப்பா வரை ஆகாயம்தான். ஆனால் ஐரோப்பாவுக்குள் நுழைந்தபின் மூன்று வழியும் திறந்திருக்கிறது. இதை நம்மவர்கள் யோசிப்பதில்லை, நானும் முதல் முறை யோசிக்கவில்லை.

ஜெர்மனியில் சொந்தம் இருந்தால் கீல் துறைமுகத்திலிருந்து ஆஸ்லோவுக்கு இருபது மணி நேரக் கப்பல் உண்டு. மத்தியானம் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம். டென்மார்க்கின் வடகோடி ஹிர்ட்ஸ்ஹால்ஸிலிருந்து நார்வேயின் தென்கோடி கிறிஸ்டியான்சாண்டுக்குப் பகல் கப்பலில் மூன்றேகால் மணி. கார் வைத்திருப்பவர்களுக்கு அது சௌகரியம். இங்கிலாந்திலிருந்து போன பெர்கன் கப்பல் 2008-ல் நின்றுவிட்டது. ஹாம்பர்க்–கோபன்ஹேகன் ரயில் ஒரு காலத்தில் அப்படியே கப்பலுக்குள் ஏறி நின்று, முக்கால் மணியில் கடலைக் கடந்து, மறுகரையில் தண்டவாளத்தில் இறங்கி ஓடியது. அதைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. 2019 டிசம்பரோடு அதுவும் போயிற்று. அதே இடத்தில் இப்போது 18 கிலோமீட்டருக்குக் கடலடிச் சுரங்கம் கட்டுகிறார்கள். 2029 என்று இலக்கு வைத்தார்கள். தள்ளிப்போகும் என்றுதான் பேச்சு. பொதுப்பணித் துறை என்றால் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நான் தேர்ந்தெடுத்தது இது. நாக்பூரிலிருந்து இரவு ரயிலில் மும்பை. மாதுங்காவில் மச்சினர் வீட்டில் ஒரு நாள். மும்பையிலிருந்து வளைகுடாவில் ஒரு மாற்றத்தோடு கோபன்ஹேகன் வரை ஒரே டிக்கெட், பெட்டி நேராக அங்கேயே வந்துவிடும். கோபன்ஹேகனில் இரண்டு இரவு ஓட்டல், ஊர் சுற்ற இல்லை, படுத்து எழுந்திருக்க. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆஸ்லோ கப்பல். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் போகிற தூரத்துக்குப் பதினேழு மணி நேரம்! மாப்பிள்ளை போனில் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, உங்கள் சௌகரியம்" என்றார்.

கப்பலில் ஏறுவது நம் ரயில் ஏறுவதைவிட எளிது. பெட்டியை நாமே இழுத்துக்கொண்டு போகவேண்டும், ஆனால் லிஃப்ட் இருக்கிறது. அறையில் இரண்டு படுக்கை, குளியலறை. அறை எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். கப்பல் அலையில் ஏறி இறங்குவது சீசா பலகை போல. நுனியில்தான் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. ஆகவே நடுப்பகுதியில், கீழ்த்தளத்துக்குப் பக்கமாக அறை கேளுங்கள். ஜன்னல் பெரிதாக இருக்கிறது என்று மேல்தளத்தில் மூக்கு நுனியில் எடுத்துவிட்டு ராத்திரி முழுக்க வாந்தி எடுக்கவேண்டாம்.

நார்வே ஐரோப்பிய யூனியனில் இல்லை. அதனால் கப்பலில் வரியில்லாக் கடை உண்டு. நார்வேயில் மதுவுக்கு வரி அதிகம், ஆகவே அந்தக் கடையில் நம் ஊர் ரேஷன் கடைக் கூட்டம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாக்லேட் வரிசையில் நின்றோம். சாப்பாட்டுக்கு ரொட்டி, உருளைக்கிழங்கு, பச்சைக் காய்கறி, பழம். பருப்புப்பொடி கையில் இருந்ததால் பிழைத்தோம்.

புறப்பட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் கப்பல் ஓரசுண்ட் ஜலசந்தியின் குறுகலான இடத்துக்கு வருகிறது. ஒரு பக்கம் டென்மார்க், மறு பக்கம் ஸ்வீடன், நடுவே நாலே கிலோமீட்டர். டேனிஷ் கரையில் குரோன்போர்க் கோட்டை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நடப்பதாகச் சொல்லும் இடம். 1429-லிருந்து 1857 வரை இந்த வழியாகப் போகும் அந்நியக் கப்பல்களிடம் டென்மார்க் சுங்கம் வசூலித்தது. நானூறு வருஷச் செக்போஸ்ட்! அந்தக் கம்பி ஓரம் நின்றபோது எனக்கு வேறொன்று தோன்றியது. 1618 கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பிய ஓவ் ஜெட் என்பவரின் கப்பல்கள் நம் தரங்கம்பாடிக்கு வந்து சேர 1620 ஆயிற்று. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டான்ஸ்போர்க் கோட்டை கட்டினார்கள். அப்போது நார்வேயும் டேனிஷ் ராஜாவின் கீழ்தான் இருந்தது. நாயக்கர் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதத்தை இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கம் வர ஒன்றரை வருஷத்துக்கு மேல். நாங்கள் அந்தப் பக்கம் போக, மாதுங்காவில் இறங்கிய நாளையும் சேர்த்து ஒரு வாரம்கூட இல்லை. இதைச் சொன்னதும் என் மனைவி, "அவர்களுக்கும் மும்பையில் மச்சினர் இருந்திருந்தால் சீக்கிரம் வந்திருப்பார்கள்" என்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு பயணத்தில் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ராத்திரி காட்டெகாட் கடலில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு கால் நீட்டித் தூங்கினாள். காலை ஏழரை மணிக்கு நான்தான் எழுப்பினேன். கப்பல் ஆஸ்லோ ஃபியோர்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கடல் நிலத்துக்குள் சுமார் நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு விரல் நீட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் பாறை, பைன் மரம், சிவப்பு மர வீடுகள். ட்ரோபாக் என்ற இடத்தில் மிகவும் குறுகுகிறது. அங்கே ஒரு தீவில் ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டை.

இந்தக் கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1940 ஏப்ரல் 9 விடியற்காலை, ஆஸ்லோவைப் பிடிக்க ஜெர்மனியின் புத்தம் புதிய போர்க்கப்பல் ப்ளூக்கர் இந்த வழியாக வந்தது. கோட்டைத் தளபதி பிர்கர் எரிக்சனுக்கு 64 வயது. கையில் இருந்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பீரங்கி, அதுவும் ஜெர்மனியிலேயே செய்த க்ரூப் பீரங்கி. டார்ப்பிடோக்களும் பழசு. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் சுட்டார். ப்ளூக்கர் அங்கேயே மூழ்கியது. அந்தச் சில மணி நேரத்தில் ராஜாவும் மந்திரிகளும் பாராளுமன்றத்தாரும் ரயில் ஏறிவிட்டார்கள். நாட்டின் தங்கமும் தப்பியது. ஓய்வு பெறும் வயதில் ஓர் அதிகாரி, பழைய சாமான்களை வைத்துக்கொண்டு, கோப்பில் உத்தரவு வருவதற்குள் முடிவெடுத்தார் என்பதை நினைத்து நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். நார்வே என்ற பெயருக்கே வடக்கே போகும் வழி என்று பொருள் சொல்கிறார்கள். அந்த வழி கடல் வழிதான். விமானத்தில் வந்து கார்டர்மோனில் இறங்கினால் இது எதுவும் தெரியாது.

பத்து மணிக்குள் ஆஸ்லோ. கரையில் மாப்பிள்ளையும் மூன்று வயதுக்கு மேல் ஆன பேரனும். இவள் நாற்காலி வேண்டாமென்று தானே நடந்து வந்தாள். பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிட்டோம்.

திரும்பும்போது ரயில். ஆஸ்லோவிலிருந்து ஸ்வீடனின் கோத்தன்பர்க் நாலு மணி நேரம். எல்லைப் பக்கம் ஒற்றைத் தண்டவாளம், ஆகவே வேகம் இல்லை, ஆனால் ஏரியும் காடுமாகப் பார்க்கச் சலிக்காது. கோத்தன்பர்க்கில் மாறினால் அடுத்த ரயில் நேராகக் கோபன்ஹேகன் விமான நிலையத்துக்குள்ளேயே கொண்டுவிடுகிறது. வழியில் 2000 ஜூலையில் திறந்த ஓரசுண்ட் பாலம். மேலே கார், கீழே ரயில், கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர். பிறகு கடலில் கொட்டி உண்டாக்கிய நாலு கிலோமீட்டர் தீவு. பிறகு பாலம் கிடையாது, நாலு கிலோமீட்டர் சுரங்கம். ஏன் முழுக்கப் பாலமாகக் கட்டவில்லை என்றால், பாலத்தின் தூண்கள் 200 மீட்டருக்கு மேல் உயரம், பக்கத்திலேயே விமானங்கள் இறங்குகின்றன. கப்பல் போகவும் வழி விடவேண்டும். மூன்றுக்கும் இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். இந்த வழியில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். 2015 நவம்பரிலிருந்து ஸ்வீடன் எல்லையில் சோதனையை மறுபடி தொடங்கிவிட்டது.

இனி சில நடைமுறை விஷயங்கள். பேனா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

நார்வே யூனியனில் இல்லாவிட்டாலும் 2001-லிருந்து ஷெங்கனில் இருக்கிறது. எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விசா கேட்கவேண்டும். முதலில் கோபன்ஹேகனில் இறங்கினாலும் நார்வே விசா செல்லும். 180 நாளில் 90 நாள்தான், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். மருத்துவ இன்ஷூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. லண்டனில் இருக்கும் அண்ணா பிள்ளையை நடுவில் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் ஜாக்கிரதை. ஒற்றை நுழைவு விசா என்றால் வெளியே கால் வைத்ததும் அது முடிந்தது. பிரிட்டனுக்கு விசாவே தனி. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புது முறை வந்திருக்கிறது, அதற்கும் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே டிக்கெட் என்று நான் அடித்துச் சொல்வதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. ஐரோப்பியக் கம்பெனியில் போனால், அல்லது ஐரோப்பாவிலிருந்து எந்தக் கம்பெனியில் கிளம்பினாலும், 2004-ஆம் வருஷத்து 261-ஆம் எண் விதி உங்களுக்குப் பொருந்தும். ஒரே பதிவில் இருந்து, கம்பெனியின் தவறால் மூன்று மணிக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் நம் தூரத்துக்கு ஆளுக்கு 600 யூரோ வரை கேட்கலாம். வளைகுடாக் கம்பெனியில் இங்கிருந்து போகும்போது இது இல்லை, அங்கிருந்து திரும்பும்போது உண்டு. தனித்தனி டிக்கெட் என்றால், நடுவில் அறுந்துபோனதற்கு யாரும் பொறுப்பில்லை. என்னைக் கேளுங்கள்.

விமானத்தில் சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. ஏ.வி.எம்.எல். என்றால் நம் ஊர்ச் சைவம். வி.எல்.எம்.எல். என்றால் முட்டை சேரும். வெங்காயம் பூண்டு வேண்டாதவர்கள் வி.ஜே.எம்.எல். கேளுங்கள். ஒரு நாள் முன்னாலாவது பதியவேண்டும். சக்கர நாற்காலிக்கு 48 மணி நேரம் முன்னால், ஒவ்வொரு விமானத்துக்கும்.

மாமிகளுக்கு ஒரு வருத்தமான செய்தி. பால் பொருள்களை இங்கிருந்து கொண்டுபோக அனுமதியில்லை. நெய், பால்கோவா, பேடா எல்லாம் அதில் சேர்த்தி. பருப்புப்பொடி, அப்பளம், வடாம் தாராளம். வெண்ணெய் அங்கே கிடைக்கிறது, காய்ச்சிக்கொள்ளலாம்.

சந்தியாவந்தனம் எப்போது செய்வது என்று வெங்கட்ராமன் போனிலேயே கேட்டுவிட்டார். ஆஸ்லோவில் ஜூன் மூன்றாம் வாரம் சூரியன் இரவு பத்தே முக்காலுக்கு அஸ்தமித்து காலை நாலுக்கு முன் உதிக்கிறது. நான் கடிகாரத்தைப் பார்த்துச் செய்தேன். சாஸ்திரம் தெரிந்தவர்கள் திருத்தலாம்.

கோபன்ஹேகன்–ஆஸ்லோ கப்பல் 2024-ல் வேறு கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. நேரங்களைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் மறுபடி போவதாக இருக்கிறோம். எனக்கு 76, அவளுக்கு 71. பெண் இந்தத் தடவை நேரே விமானத்தில் ஆஸ்லோவுக்கே வந்துவிடுங்கள், எதற்கு இத்தனை சுற்று என்கிறாள். இவள் போனை வாங்கி, நடு அறை கிடைக்குமா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

செயலாளர் காபி ஆறுகிறது என்று ஜாடை காட்டுகிறார். விசா படிவம் நிரப்புவதில் சந்தேகம் இருப்பவர்கள் அங்கே என்னைப் பிடித்துக்கொள்ளலாம். நமஸ்காரம்.